துணியச் சொல்வோர் கடன்

கல்லூரி விழா மேடைகளில் ஓர் அறிவுரை தவறாமல் ஒலிக்கிறது. வேலை தேடி அலையாதீர்கள், பிறருக்கு வேலை கொடுப்பவர்களாக உயருங்கள் என்பதே அது. மாணவர்கள் கைதட்டுகின்றனர். சிறப்பு விருந்தினர் பொன்னாடையைப் பெற்றுக்கொண்டு விடைபெறுகிறார். இவ்வாறு பேசுவோருள் பெரும்பாலோர் மாதம் தவறாமல் ஊதியமோ ஓய்வூதியமோ பெற்று வருபவர்கள் என்பதை நாம் கவனித்ததுண்டு. அதில் குற்றம் ஏதுமில்லை. ஊதியம் பெறுவது பாவமா என்ன? ஆயினும் அரங்கு காலியான பின்பும் ஒரு வினா அங்கேயே தங்கிவிடுகிறது. நாம் சுமக்கப்போகாத இழப்பைச் சுமக்கும்படி இன்னொருவரைத் தூண்டுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அப்படித் தூண்டிய பின் அவர்பால் நமக்குள்ள கடமைதான் என்ன?

இவ்வினாவைப் பொதுவாக எழுப்பினால் அது காற்றில் கரைந்துவிடும். ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம்.

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி ஆவடியைக் கடந்ததும் நிற்கும் நிலையத்தின் பெயர் இந்துக் கல்லூரி. அதற்கடுத்தது பட்டாபிராம். ஒரு கல்லூரியின் பெயரையே இரயில் நிலையம் தாங்கி நிற்பது எல்லா ஊருக்கும் வாய்ப்பதன்று. 1969-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அந்தத் தர்மமூர்த்தி ராவ் பகதூர் கலவல கண்ணன் செட்டி இந்துக் கல்லூரிக்குத் திருநின்றவூர், திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து காலை வண்டிகளில் மாணவர் வந்திறங்குகின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் அவர்களில் பலர்.

அவர்கள் வளர்ந்த சூழலையும் நோக்க வேண்டும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சமதர்மப் பாங்கான சமுதாயமே நாட்டின் குறிக்கோள் எனத் தீர்மானம் இயற்றியது பக்கத்து ஆவடியில்தான். அடுத்த பத்தாண்டுக்குள் அதே ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. படையினருக்கு உடை தைக்கும் ஆலையும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளும் இப்பகுதி வாழ்க்கைக்கு ஓர் ஒழுங்கைத் தந்தன. சங்கு ஊதும் நேரம், சம்பள நாள், சேமநல நிதி, பணிக்குடியிருப்பு, தந்தைக்குப் பின் மகனும் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்துவிடலாம் என்னும் நம்பிக்கை ஆகிய அனைத்தும் அவ்வொழுங்கின் கூறுகள். மூன்று தலைமுறைகள் இதைச் சார்ந்து வீடு கட்டின. பெண்களுக்குத் திருமணம் முடித்தன. ஆகவே அரசு வேலைக்காகக் காத்திருக்கும் பட்டாபிராம் இளைஞனைத் துணிவற்றவன் என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். கண்முன் பலன் தந்ததையே அவன் நம்புகிறான்.

அந்த ஒழுங்கு இப்போது தளர்ந்துவிட்டது. 2021 அக்டோபர் முதல் நாளன்று நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆவடியின் ஆலைகளும் அவற்றுள் அடங்கும். மறுபுறம், 2024 நவம்பர் 22 அன்று பட்டாபிராமிலேயே 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஏறத்தாழ 330 கோடி ரூபாய் செலவில், 5.57 இலட்சம் சதுர அடிப் பரப்பில் அது நிற்கிறது. இரயில் பெட்டியின் சன்னல் வழியே அதை நாள்தோறும் பார்க்கும் மாணவனுக்கு அக்கட்டடம் ஒரே நேரத்தில் அழைப்பாகவும் அந்நியமாகவும் தோன்றக்கூடும். தன்னால் அதனுள் நுழைய இயலுமா? நுழையாமலே, தன் கணினியை வைத்துக்கொண்டு, தானே ஒரு தொழிலைத் தொடங்க இயலுமா? இவ்விரண்டாம் கேள்விக்கு நாம் மேடையிலிருந்து வெகு எளிதாக இயலும் என்று விடை சொல்லிவிடுகிறோம்.

இரண்டு மாணவியரை எண்ணிக்கொள்வோம். ஒரே வகுப்பு, ஒரே மதிப்பெண், ஒரே திறமை. இருவரும் அச்சுப் பணிக்கும் இணையதளத்திற்கும் வடிவமைக்கும் கலையைக் கற்றவர்கள். ஒருத்தியின் தந்தைக்குச் சொந்த வீடு உண்டு. மாடியில் வாடகையும் வருகிறது. மற்றவளின் தாய் மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் பெற்றுத்தான் மகளின் மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தினாள்; காதில் கிடந்த தோடு அடகுக் கடையில் இருக்கிறது. இருவரும் தனித்தொழில் தொடங்குகின்றனர். ஆறு மாதங்கள் வாடிக்கையாளர் சரிவர அமையவில்லை. முன்னவளுக்கு அது அனுபவம். பின்னவளுக்கோ அது வட்டி. முன்னவள் அடுத்த முயற்சியில் வெல்லும்போது அவளது விடாமுயற்சியைப் புகழ்ந்து பேசுவோம். பின்னவள் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதச் சென்றுவிட்டால், பாவம், மனவுறுதி போதவில்லை என்போம். துணிவு என்று நாம் பாராட்டுவதில் பெரும்பகுதி காலடியில் உள்ள தரையின் உறுதியே என்பதை இங்கு மறந்துவிடுகிறோம். எத்துணை அநீதியான தீர்ப்பு!

திருக்குறளில் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தைத் திறந்ததும் வள்ளுவர் முதற்கண் அழிவை எண்ணச் சொல்கிறார். ஆக்கமும் ஊதியமும் அதற்குப் பின்னரே வருகின்றன. நம் மேடைகளில் இவ்வரிசை தலைகீழாகிறது. ஊதியமே முதலில் வருகிறது. அழிவு வருவதே இல்லை.

இவ்வாறாயின் இளையோரைத் தனித்தொழிலுக்கு ஊக்குவிக்காமல் வாய்மூடி இருப்பதுதான் அறமோ என்று வாசகர் கேட்கக்கூடும். அதுவும் அன்று. காத்திருப்பதற்கும் விலை உண்டு. அரசுத் தேர்வாணையத் தேர்வுகளுக்காக நான்கு ஆண்டுகள், ஐந்து ஆண்டுகள் எனப் படிப்பகங்களில் இளமையைக் கழித்துவிட்டு, வயது வரம்பு நெருங்கும்போது திகைத்து நிற்போரை நாம் அறிவோம். நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட உவமையில் மாலை வரை சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை வேலைக்கு அமர்த்துவார் இல்லை, அவ்வளவே. அத்தகையோரைப் பார்த்து, நின்றுகொண்டே இருங்கள் என்று சொல்வதும் ஓர் அறிவுரைதான். அதன் இழப்பையும் அவர்களே ஏற்கின்றனர். பேசினாலும் பேசாவிட்டாலும் பொறுப்பிலிருந்து நாம் விடுபடுவதில்லை என்பதே உண்மை நிலை.

ஆகவே எப்படித் துணைநிற்பது என்பதற்கு வருகிறோம். இதற்கு ஒரு பங்கின் வரலாறு நமக்கு உதவும். 1941-இல் ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் உள்ள மோந்திராகோன் என்னும் சிற்றூருக்கு உதவிப் பங்குத்தந்தையாக வந்து சேர்ந்தார் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியேத்தா. உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர் வறுமையில் வாடியது. அவ்வூரிலும் நம் ஆவடியைப் போலவே ஒரு பெரிய ஆலை இருந்தது. ஊரின் பிழைப்பு அதைச் சுற்றியே நடந்தது. அவர் இளைஞரைக் கூட்டித் துணிந்து இறங்குங்கள் என்று சொற்பொழிவாற்றவில்லை. 1943-இல் ஊராரின் நன்கொடையைத் திரட்டி, இருபது மாணவரோடு ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அங்கு பயின்றவருள் சிலர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பைத் தொடர்ந்து சரகோசா பல்கலைக்கழகத்தின் வழியே பொறியியல் தகுதி பெற அவர் வழிசெய்தார். அவர்களுள் ஐவர் 1956-இல் சொந்தமாக ஒரு தொழிற்கூடத்தை நிறுவினர். மண்ணெண்ணெய் அடுப்புகள் செய்வது அவர்களது தொடக்கத் தொழில். ஐவரின் பெயர் எழுத்துகளைக் கோத்து அதற்கு உல்கோர் எனப் பெயரிட்டனர். முதலீட்டுக்கு ஊரார் தம் சேமிப்பிலிருந்து கடன் தந்தனர். இன்று உலகெங்கும் பேசப்படும் மோந்திராகோன் கூட்டுறவு நிறுவனங்களின் வித்து அதுவே.

பள்ளி தொடங்கியதற்கும் தொழிற்கூடம் எழுந்ததற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் உருண்டோடியதை வாசகர் கவனிக்க வேண்டும். ஒரு நாள் பயிலரங்கு நடத்தி, சான்றிதழும் சிற்றுண்டியும் வழங்கி, அத்துடன் இளைஞரைத் தொழில்முனைவோர் ஆக்கிவிட்டதாக அறிக்கை எழுதும் நம் காலத்து அவசரம் அங்கில்லை. மற்றொன்றும் உண்டு. கூட்டுறவின் உறுப்பினர்கள் தொழிலாளர் அல்லர், தாமே தொழில் செய்வோர். எனவே அரசின் சமூகக் காப்பீட்டில் அவர்களுக்கு இடமில்லை என ஸ்பெயின் அரசு கூறிற்று. தனித்தொழிலில் இறங்கும் ஒவ்வொருவரும் சந்திக்கும் சிக்கல் இது. நோய் வந்தால் யார் பார்ப்பது? முதுமையில் யார் தாங்குவது? அருட்தந்தை அதைத் தனிமனிதரின் மனத்திடத்திற்கு விட்டுவிடவில்லை. 1959-இல் உழைப்போரின் சேமிப்பு வங்கி ஒன்று அவரது தூண்டுதலால் உருவாயிற்று. அதனோடு உறுப்பினருக்கான காப்பீட்டு அமைப்பும் வளர்ந்தது. விழுந்தால் தாங்கும் வலையைப் பின்னியபடியேதான் அவர் கயிற்றின்மேல் நடக்கச் சொன்னார். அவர் 1976-இல் மறைந்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்திற்குரியவராக ஏற்றார்.

இக்கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. அந்த ஐவரின் தொழிற்கூடத்திலிருந்து வளர்ந்த ஃபாகோர் என்னும் வீட்டுச் சாதன நிறுவனம் 2013-இல் நொடித்துப்போயிற்று. சேமிப்பை அதில் இட்டிருந்தோர் கடும் இழப்புக்கு ஆளாயினர். ஆயினும் வேலையிழந்த உறுப்பினர் பலரைப் பிற கூட்டுறவு நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. தோல்வி வராமல் காக்கும் ஏற்பாடு உலகில் எங்கும் இல்லை. தோற்றவர் தெருவில் நிற்காமல் காக்கும் ஏற்பாடு சாத்தியமே.

நம் நாட்டிலும் உதவிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசின் புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம் 2012-13 முதல் படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 விழுக்காடு மூலதன மானியமும் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் அளித்து வருகிறது. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சொத்துப் பிணையின்றிக் கடன் கிடைக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட கடனுக்குச் சிசு என்று பெயர் சூட்டியிருக்கின்றனர். அச்சிசுவும் மாதந்தோறும் தவணை கேட்டு அழும் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். 2022 மார்ச் முதல் நான் முதல்வன் திட்டம் கல்லூரிகளில் திறன் பயிற்சி தருகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்கலாம். இவற்றை மாணவருக்கு எடுத்துச் சொல்லும் பணியைப் பங்கின் இளையோர் குழுக்கள் மேற்கொள்ளலாம்; அதைப் பற்றி இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

ஆனால் கணினியின் முன்னமர்ந்து மொழிபெயர்ப்போ வடிவமைப்போ கணக்குப் பதிவோ செய்து பிழைக்க விழையும் மாணவிக்கு முதலில் வேண்டுவது கடன் அன்று. சொன்ன நாளில் பணம் கொடுக்கும் ஒரு வாடிக்கையாளர் அவளுக்கு வேண்டும். அந்த வாடிக்கையாளர் யார்? இங்குதான் விரல் நம்மை நோக்கித் திரும்புகிறது.

பங்குத் திருவிழா அழைப்பிதழ், பள்ளி ஆண்டுமலர், திருமண ஒளிப்படத் தொகுப்பு, சங்கத்தின் வெள்ளிவிழா மலர் என ஆண்டு முழுவதும் இத்தகைய வேலைகள் நம் கையில் உள்ளன. அவற்றை நாம் யாரிடம் தருகிறோம்? அனுபவமுள்ள அச்சகத்தாரிடம் பேரம் பேசாமல் பணம் தருகிறோம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளையிடமோ, இது கோவில் காரியமப்பா, ஆண்டவர் உனக்குத் திருப்பித் தருவார் என்கிறோம். அல்லது, உனக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்கிறோம். பெயரைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் கொடுக்க இயலுமா? தன் நேரத்தை மனமுவந்து காணிக்கையாக்குவது புண்ணியம். கேட்டு வாங்கும்போது, அதுவும் மறுக்க இயலாத இளையவரிடம் கேட்டு வாங்கும்போது, அதன் பெயர் மாறிவிடுகிறது. கூலியைப் பிடித்து வைப்போரைப் புனித யாக்கோபின் திருமுகம் எத்துணைக் கடுமையாகச் சாடுகிறது என்பதை நாம் வயலுடைமையாளருக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவிட்டோம் போலும்.

உழைப்பைக் குறித்துத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலில் மறைமுக முதலாளி என்னும் ஒரு கருத்து வருகிறது. நேரடியாகக் கூலி கொடுப்பவர் மட்டுமன்றி, உழைப்பின் நிலைமைகளைத் தொலைவிலிருந்து தீர்மானிக்கும் அமைப்புகளும் மனிதரும் பொறுப்பில் பங்குடையவர் என்பது அதன் சாரம். தனித்தொழிலருக்கு முதலாளி இல்லை என்கிறோம். உண்மையில் அவருக்கு முதலாளிகள் பலர். அவர்களில் ஒருவரும் தம்மை முதலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவுதான். வாடிக்கையாளராகிய நாமும் அவர்களுள் ஒருவர்.

சட்டம் இதில் நம்மைவிட ஓரடி முன்னே நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்துகொண்ட குறுந்தொழிலரிடம் பொருளோ சேவையோ பெற்றவர், ஒப்பந்தம் எப்படி இருப்பினும் 45 நாள்களுக்குள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப்போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். தனியொருவராகத் தொழில் செய்பவரும் உத்யம் என்னும் பதிவைக் கட்டணமின்றிப் பெறலாம். இதை எத்தனை மாணவர் அறிவர்? அறிந்தாலும், ஊர்ப் பெரியவரிடம் சட்டம் பேச எந்த இருபத்தொரு வயதுப் பிள்ளை முன்வரும்?

மற்றொரு நேர்மையும் நமக்கு வேண்டும், சொற்களில் நேர்மை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு உணவுப் பொட்டலம் சுமந்து இரு சக்கர வண்டியில் ஓடும் இளைஞரையும் சுயதொழில் செய்வோர் எனக் கணக்கில் சேர்த்துவிடுகின்றனர். நிறுவனமோ அவரைப் பங்காளி என்கிறது. விலையை அவர் நிர்ணயிப்பதில்லை, வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்வதில்லை, செயலி அணைக்கப்பட்டால் பிழைப்பும் அணைந்துவிடும். பெட்ரோலும் விபத்தும் மட்டும் அவருக்குச் சொந்தம். அவ்வேலை இழிவானதன்று, எவ்வேலையும் இழிவானதன்று. தமிழ்நாடு அரசு 2023-இல் இத்தொழிலாளருக்கெனத் தனி நல வாரியம் அமைத்ததே அவர்களைத் தொழிலாளராகக் கண்டதன் அடையாளம். கூலியை முதலீடு என்றும் கூலியாளைப் பங்காளி என்றும் அழைத்துவிட்டு இளைஞர் சொந்தக் காலில் நிற்பதாக மகிழ்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு தங்கிக் கூடாரம் செய்த புனித பவுலின் கையில் தொழிலும் இருந்தது, அத்தொழிலின்மேல் உரிமையும் இருந்தது. அவர் தனியாகவும் செய்யவில்லை. அதே தொழில் தெரிந்தோர் வீட்டில் இடம் பெற்றே செய்தார்.

பிணை நிற்பதைப் பற்றித் திருநூலில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. நீதிமொழிகள் நூல் பிறருக்காகப் பிணை நிற்பதைத் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. அகப்பட்டுக்கொண்டால் எப்பாடுபட்டேனும் விடுவித்துக்கொள் என்கிறது. சீராக்கின் ஞானம் இருபத்தொன்பதாம் அதிகாரமோ நல்ல மனிதர் அடுத்திருப்பவருக்குப் பிணை நிற்பார் என்கிறது. பிணை நின்று அழிந்தோரையும் அங்கேயே நினைவூட்டி, உன் ஆற்றலுக்கு ஏற்ப உதவு, நீயும் விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்று முடிக்கிறது. இவ்விரண்டில் சீராக் கூறுவதே நம் வினாவுக்கு நெருக்கமாக உள்ளதென்பது நம் கருத்து. இழப்பில் ஒரு பங்கையேனும் தன் தோளில் ஏற்காதவர் பிறரைத் துணியச் சொல்வது தகாது. அப்பங்கு தம் ஆற்றலை விஞ்சவும் கூடாது.

ஆற்றலுக்கு ஏற்ற பங்கு என்பது என்ன? கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு பங்கில் பத்துக் குடும்பங்கள் மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு ஓர் இலட்சத்து இருபதாயிரம் ஆகும். படிப்பை முடித்துத் தனித்தொழில் தொடங்கும் ஒருவருக்கு அது ஓராண்டுக் காலம் மாதம் பத்தாயிரம் ரூபாய். வட்டி இல்லை, பிணையும் இல்லை. தாயின் தோட்டை மீண்டும் அடகு வைக்காமல் அவள் முதல் ஆண்டைக் கடக்க இது போதும், ஆடம்பரத்திற்குப் போதாது. தருவோரில் ஒருவர் கணக்குத் தெரிந்தவராக இருந்து மாதம் ஒருமுறை அவளோடு அமர்ந்து வரவு செலவைப் பார்க்க வேண்டும். மற்றவர் தம் அலுவலக, குடும்பத் தேவைகளில் ஒன்றையேனும் அவளிடம் தந்து உரிய விலையை உரிய நாளில் கொடுக்க வேண்டும். தொடங்கும்போதே ஒரு நாளைக் குறித்துக்கொள்வதும் நன்று. அந்நாளில் தொழில் நடக்குமா நடக்காதா என்பதை எல்லோருமாக அமர்ந்து, முகத்திற்கு அஞ்சாமல் பேச வேண்டும். எட்டாம் மாதத்திலேயே அவள் வேறு வேலைக்குச் செல்ல முடிவு செய்தால், எஞ்சிய நாற்பதாயிரம் அடுத்து வருபவருக்குப் போகும். கொடுத்த எண்பதாயிரத்தை அவளிடம் எவரும் கேட்பதில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அதைப் பற்றி விசாரிப்பதும் இல்லை.